டேவிட் மாமா சொன்ன சாட்சி

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுகிறேன்.

நேற்று நீ ஓசூரில் எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்றுகொண்டு, "அம்மா, மீட்டர் ஓடுது, மீட்டர் ஓடுது" என்று சொல்லியே என்னையும் பதற வைத்துவிட்டாய். நீ கேட்டது சின்னக் கேள்விதான். "ஞாயித்துக்கிழமை சென்னீர்குப்பம் போய் மாமனாரைப் பாக்கணும்மா. அவர்கிட்ட என்ன பேசறது?" என்றாய். நானும் யோசிக்காமல், "பெரிசா ஒண்ணும் பேசாதேடா. எல்லாம் சரியாயிடும்னு சொல்லு, ஒரு ஜெபம் பண்ணு, கிளம்பி வந்துடு" என்று சொல்லிவிட்டேன். ஃபோனை வைத்துவிட்டு வந்து அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். கஞ்சி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது தெரியாமல் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். உன் அப்பாதான் வந்து அடுப்பை அணைத்தார். "இன்னா யோசனை?" என்றார். "இவனுக்குத் தப்பாச் சொல்லிட்டேங்க" என்றேன். "அப்ப எழுதிப் போடு. கடுதாசிக்கு மீட்டர் ஓடாது" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். பஸ்ஸில் படிக்காதே, ரூமுக்குப் போய் உட்கார்ந்து படி.

உன் கல்யாணத்தை மே மாதத்திலிருந்து ஜனவரிக்கு ஏன் முன்னால் இழுத்தோம் என்று உனக்கும் எனக்கும் தெரியும், பெண்ணுக்கும் தெரியும், இரண்டு வீட்டிலும் பால் ஊற்றுகிறவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும். தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது உன் மாமனார் ஒருவருக்குத்தான். அவருக்கு வயிற்றில் புண் என்றும், மே மாதத்தில் கோயிலில் தேதி கிடைக்கவில்லை என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். பெண்ணின் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எல்லோரும் ஓடி ஓடி வேலை செய்கிறோம், அவரிடம் மட்டும் சிரித்த முகமாக இருக்கிறோம். அவரும் சிரிக்கிறார். நான் போன வாரம் போயிருந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட சிரிப்பு. உன் டேவிட் மாமா அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. கேன்சரில் போய்விட்டான், நல்லவன், பரலோகத்தில் இருக்கிறான் என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவேன். இப்போது மீதியைச் சொல்கிறேன்.

எனக்கு அவன் ஒரே தம்பி. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவனுக்குச் சோறு போட்டது, தலைக்கு எண்ணெய் வைத்தது, அடித்தது எல்லாம் நான்தான். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவனையும் கூட்டிக்கொண்டுதான் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். உன் அப்பா ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் மெஷினில் வேலைக்குச் சேர்ந்தான். பாட்டு என்றால் உயிர், ஆனால் குரல் என்னவோ தகரத்தை இழுத்த மாதிரி இருக்கும். சபையில் அவன் பாட ஆரம்பித்தால் முன்வரிசைப் பெண்கள் தலையில் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துக் காதை மூடிக்கொள்வார்கள். அவனுக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. "கர்த்தரு கொர்ல பாக்க மாட்டாருக்கா, மன்சதான் பாப்பாரு" என்பான். "நாங்க மனுஷங்கடா, எங்களுக்குக் காது இருக்குதே" என்பேன். பாரிவாக்கத்தில் எஸ்தரைப் பார்த்து நான்தான் கட்டிவைத்தேன். எஸ்தருக்கு அப்போது இருபதுகூட முடியவில்லை. அதிகம் பேச மாட்டாள், ஆனால் அவன் பாடும்போது சிரிக்காமல் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அம்பத்தூரில் ஒரு ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து நம் வீட்டுக்கு வந்து, நான் பொரித்த மீனை எஸ்தர் தட்டில் வைப்பதற்கு முன்பே சட்டியிலிருந்து எடுத்துத் தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்திருப்பான்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை என்று ஆரம்பித்தது. பட்டறைப் பக்கத்து டாக்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லை. டவுனுக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்கள். டெஸ்ட் எல்லாம் எடுத்துவிட்டு டாக்டர் என்னையும் உன் அப்பாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்ததும், "இன்னா சொன்னாரு?" என்று கேட்டான். "அல்சராம், மருந்து சாப்பிட்டா சரியாயிடுமாம்" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி அவ்வளவு சுலபமாக வந்ததென்று இன்றும் எனக்குத் தெரியாது. ரயிலில் திரும்பும்போது வில்லிவாக்கம் தாண்டும் வரைக்கும் அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, அங்க பெஞ்சில ஒக்காந்துகினு கீறானுங்களே, அவனுங்க அத்தினி பேரும் எனக்கு இன்னா வியாதினு சொல்லிட்டானுங்க. எந்த ரூமுக்கு இட்டுகினு போறாங்கன்றத வச்சே சொல்றானுங்க. உனக்குத்தான் இன்னும் தெரியல போல" என்று சொல்லிச் சிரித்தான். உன் அப்பா எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டார்.

மருத்துவம் ஒரு பக்கம் நடந்தது. நாங்கள் விசுவாசிகள், அதனால் இன்னொரு பக்கம் ஜெபம் நடந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சபையே சேர்ந்து உபவாசம் இருந்தது. பாஸ்டர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தார். அவனையும் எஸ்தரையும் நம் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். பக்கத்து பிளாக்கில் கிரேஸ் என்று ஒரு சிஸ்டர் இருந்தார்கள், நினைவிருக்கும், உனக்கு பிஸ்கட் தருவார்கள். அவர்கள் வெளியூரிலிருந்து பிரசங்கம் செய்ய வந்த ஒரு ஊழியக்காரரை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அவர்தான் சொன்னார், இந்த வீட்டில் இனிமேல் ஒரு அவிசுவாசமான வார்த்தை வரக்கூடாது, சுகம் கிடைத்துவிட்டது என்று வாயால் அறிக்கையிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மரணத்தைப் பற்றிப் பேசினால் அதற்குக் கதவைத் திறந்துவிடுகிற மாதிரி என்று. எனக்கு அது பிடித்திருந்தது. கையில் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து நான் அந்த வீட்டுக்குப் போலீஸ்காரியாகிவிட்டேன்.

நீ சிரிப்பாய், ஆனால் இதைக் கேள். வீட்டு ஜெபத்தில் பாடுவதற்குப் பாட்டு கிடைக்காமல் போய்விட்டது. நம் பாட்டுப் புத்தகத்தில் கடைசிச் சரணத்துக்கு வந்தால் பெரும்பாலும் பரலோகம் வந்துவிடும், இல்லையென்றால் அக்கரை வரும், மோட்ச வீடு வரும். வந்தால் அதை விட்டுவிட்டு முதல் சரணத்துக்கே திரும்பிப் போவோம். டேவிட் படுத்த இடத்திலிருந்து, "இன்னாக்கா, வண்டி டெர்மினஸ் போவாதா, பாதி வழியிலயே திருப்பிகினு வர்றீங்க?" என்பான். எனக்குக் கோபம் வரும். எஸ்தர் தலையைக் குனிந்துகொள்வாள். அவன் உடம்பு கண்ணெதிரே கரைந்துகொண்டே வந்தது, நாங்கள் சுகம், சுகம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

அவன் எதையோ சொல்ல வேண்டும் என்று தவித்தது எல்லோருக்கும் தெரிந்தது. அது எஸ்தரைப் பற்றி என்பதும் தெரிந்தது. ஒருநாள் நான் கஞ்சி கொடுக்கும்போது, "அக்கா, எஸ்தரு விஷயமா ஒண்ணு சொல்லணும். நான் இல்லாங்காட்டி அவளுக்கு..." என்று ஆரம்பித்தான். "அவிசுவாசமா பேசாதடா" என்று ஸ்பூனை வாயில் வைத்துவிட்டேன். பாஸ்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றான். அவர், "நீங்க சுகமாகி நீங்களே எஸ்தர் சிஸ்டரைப் பாத்துக்கப்போறீங்க பிரதர், விசுவாசியுங்க" என்று தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். எஸ்தரிடமே சொல்லிப் பார்த்தான். அவள் அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவனுக்குக் குழந்தை இல்லை, சொத்து இல்லை. அவன் கவலையெல்லாம் அவள் ஒருத்திதான். அவர்கள் குடியிருந்த தெருவில் நம் சபையைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். சின்ன வயதில் புருஷனை இழந்தவள். அவளை யாரும் கொடுமை செய்யவில்லை. வெள்ளைப் புடவையைக் கட்டிவிட்டு, ஊழியத்துக்கென்று ஒதுக்கப்பட்டவள் என்று மரியாதையாகச் சொல்லி, கோயில் கூட்டுகிற வேலையைக் கொடுத்து மூலையில் வைத்துவிட்டார்கள். மறுமணம் செய்யக்கூடாது என்று நம்மிடம் சட்டம் கிடையாது. ஆனால் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். டேவிட் தினமும் வேலைக்குப் போகும்போது அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு போனவன்.

ஒருநாள் காலையில் அவனே என்னைக் கூப்பிட்டு, "அக்கா, எங்க கல்யாண நாளு வர்து. ஊட்ல ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வெக்கலாமா?" என்று கேட்டான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பையனுக்கு விசுவாசம் வந்துவிட்டது, சுகத்துக்கு முன்பே நன்றி சொல்கிறான் என்று கிரேஸ் சிஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம். சபையிலிருந்து பாயும் டோலக்கும் வந்தன. நான் கேசரியும் சுண்டலும் செய்தேன். கூடத்தில் இடம் போதாமல் வராண்டாவரை உட்கார்ந்தார்கள். உன் அப்பா வழக்கம்போலத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். அவரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, என்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்த மனுஷன். வருவார், நிற்பார், பாயைச் சுருட்டி வைப்பார். அவர் வாய்விட்டு ஜெபித்தோ, ஆமென் சொல்லியோ அதுவரைக்கும் நான் கேட்டதில்லை.

பாட்டு முடிந்து, கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்கிற சாட்சி நேரம் வந்தது. நம் கூட்டங்களில் அந்த நேரத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு, உனக்குத் தெரியும். சாட்சி சொல்ல ஒருத்தர் எழுந்துவிட்டால் அவர் முடிக்கும்வரை பாஸ்டரேகூட குறுக்கே பேச மாட்டார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கேட்கிறவர்கள் ஸ்தோத்திரம், ஆமென் என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். டேவிட் எஸ்தரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். சட்டை உடம்பில் நிற்கவில்லை. "கர்த்தருக்கு ஸ்தோத்ரம்" என்றான். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றோம். "அக்கா ஊட்ல என்ன வச்சு பாத்துக்குறாங்க, அதுக்கு ஸ்தோத்ரம்" என்றான். ஸ்தோத்திரம் என்றோம். "எனக்கு அல்சரு இல்ல, கேன்சரு. அது எனக்கு மொதல் நாள்லேர்ந்தே தெரியும்" என்றான். பாதிப் பேர் பழக்கதோஷத்தில் ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்து நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். நான் எழுந்திருக்கப் போனேன். அவன் என்னைப் பார்த்துக் கையை அமர்த்திக் காட்டினான். "ஒக்காருக்கா. இது சாட்சி நேரம். யாரும் வாயப் பொத்தக் கூடாது" என்றான். கதவோரத்தில் உன் அப்பா மட்டும் சிரித்துவிட்டார்.

அவன் பேசினதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். "நான் அவிசுவாசமா பேசல. அவரு நெனச்சா நாளைக்கே எய்ந்து போயி மெஷின்ல நிப்பேன். ஆனா அவரு வேற மாரி நெனச்சிருந்தாருன்னா? அதையும் கேக்கணும் இல்ல? எனக்கு பயமா கீது. அவர்கிட்ட போறதுக்கு பயம் இல்ல. சொல்ல வேண்டியத சொல்லாத பூடுவேனோன்னு பயமா கீது. எஸ்தரு சின்னப் பொண்ணு. நான் போயிட்டா அவள வெள்ளப் பொடவ கட்டி கோயில் மூலைல ஒக்கார வெச்சிறாதீங்க. ஊழியம், கீழியம்னு பேர் வெச்சி ஒதுக்கி வெக்காதீங்க. நல்லவனா, குடிக்காதவனா ஒருத்தனப் பாத்து கண்ணாலம் கட்டி வெயுங்க. எங்க அக்காதான் முன்னால நின்னு செய்யணும். இத நான் புருஷன்ற மொறைல, சபைக்கு முன்னால, கர்த்தருக்கு முன்னால சொல்றேன். ஆமென் சொல்லுங்க" என்றான்.

யாரும் சொல்லவில்லை. ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். அந்த இடத்தில் ஆமென் சொன்னால் அவன் சாவதற்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று எல்லோருக்கும் பயம். கிரேஸ் சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்கள். எஸ்தர் அவன் இடுப்பைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் உட்காரவில்லை. பாஸ்டரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது குடத்துக்குப் பக்கத்திலிருந்து உன் அப்பா சத்தமாக, பட்டறையில் ஆள் கூப்பிடுகிற குரலில், "ஆமென்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, டேவிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்துப் பாஸ்டர் மெதுவாக ஆமென் என்றார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. எனக்கு வாய் வரவில்லை. டேவிட் உட்கார்ந்து, "அப்பாடா" என்று மூச்சு விட்டுவிட்டு, "கேசரி வெச்சிருக்கே இல்ல, எல்லாருக்கும் குடுக்கா" என்றான்.

அதற்குப் பிறகு அவன் சில வாரங்கள்தான் இருந்தான். ஆனால் அந்த வாரங்களில் நம் வீடு வீடாக இருந்தது. நான் போலீஸ் வேலையை விட்டுவிட்டேன். மறுபடியும் எல்லாச் சரணமும் பாடினோம், அவனும் தகரக் குரலில் கூடவே முனகினான். எந்தச் சட்டையைப் போட்டுப் பெட்டியில் வைப்பது என்பதற்கு எனக்கும் அவனுக்கும் சண்டையே நடந்தது. நான் கல்யாணச் சட்டை என்றேன். அவன் அது கழுத்தில் அறுக்கும் என்றான். கடைசியில் அவன் சொன்னதுதான். அவனும் எஸ்தரும் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காகப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. ஒரு காலையில், உன் அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பி சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தபோது, எஸ்தர் கூப்பிட்டாள். நாங்கள் போவதற்குள் முடிந்துவிட்டது. முகம் அமைதியாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. களைத்துப்போன முகமாகத்தான் இருந்தது. அதை நான் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு வந்தவர்கள் சொன்ன ஆறுதலையெல்லாம் எழுதினால் இன்னொரு கடிதம் ஆகும். அவர் கொடுத்தார், அவரே எடுத்துக்கொண்டார் என்று ஒருவர். நல்ல பூவைத்தான் பறிப்பார் என்று ஒருவர். அந்த ஊழியக்காரர் கிரேஸ் சிஸ்டரிடம், அந்தச் சாட்சிதான் காரியத்தைக் கெடுத்துவிட்டது என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் எதிரில் வராமல் இருந்தது அவருக்கு நல்லது. ஆனால் எனக்குப் பெரிய கஷ்டம் வேறு ஒன்று. மாதக்கணக்காக நான் முழங்காலில் நின்றால் வாயில் வந்தது அவன் பெயர் ஒன்றுதான். அவன் போன பிறகும் விடிந்தால் பழக்கத்தில் முழங்கால் போடுவேன், டேவிட் என்று ஆரம்பிப்பேன், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. நம் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் கிடையாது. கீழ் வீட்டு பிலோமினா கத்தோலிக்கப் பெண். "நாங்கன்னா பேர் சொல்லிப் பூசை வெப்போம்க்கா. உங்கள்ல அதுவும் இல்லியே" என்று இரக்கமாகச் சொன்னாள். அன்றைக்கு அவளைப் பார்த்து எனக்கு எவ்வளவு பொறாமையாக இருந்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஆராதனையில் வியாதிக்காரர்களுக்காக ஜெபிக்கும்போது ஒவ்வொரு பெயராக வரும், அவன் பெயர் வரவேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பிறகு போவதையே நிறுத்திவிட்டேன்.

பாஸ்டர் ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். பைபிளைத் திறக்கவில்லை. "ஜெபம் அப்புறம் பண்ணலாம் சிஸ்டர், டீ போடுங்க" என்றார். டீயைக் கையில் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன். "இனிமே அவனுக்காக நான் என்னன்னு ஜெபம் பண்றது? சொல்லுங்க. உங்களுக்குத்தான் படிப்பு இருக்குதே" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். நானும் அன்னிக்கு அவரைப் பேச விடல, அது எனக்கு இன்னும் உறுத்துது. ஆனா நன்றி சொல்றதுக்கு நம்ம சபையில யாரும் தடை போடலியே" என்றார். அவர் போன பிறகு எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. எதற்கு நன்றி? ஆனால் மறுநாள் முழங்காலில் நின்றபோது வேறு வழி தெரியவில்லை. சட்டியிலிருந்து மீனைத் திருடித் தின்றானே, அதற்கு ஸ்தோத்திரம் என்றேன். சொன்னதும் அடக்கத்தன்றுகூட வராத அழுகை வந்தது. அடுத்த நாள் அவன் குரலுக்கு. அடுத்த நாள், சின்ன வயதில் காய்ச்சலில் என் மடியில் படுத்திருந்ததற்கு. அப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித்தான் நான் திரும்பி வந்தேன். அவன் ஏன் போனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாராவது தெரியும் என்று சொன்னால் அவர்களோடு நான் காபிகூடக் குடிக்க மாட்டேன். அவனைத் திரும்பப் பார்ப்பேன் என்று நம்புகிறேன். அதை நிரூபி என்று கேட்காதே. சுகத்துக்காக ஜெபித்ததற்கு நான் வருத்தப்படவும் இல்லை. இப்போது உன் மாமனாருக்காகவும் அதைத்தான் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்பது என் வேலை. ஆனால் கேட்கிறவள் என்பதற்காகப் படுத்திருக்கிறவனின் வாயை மூட எனக்கு உரிமை கிடையாது, அவ்வளவுதான் நான் கற்றது.

எஸ்தர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் கழித்துப் பட்டாபிராமிலிருந்து ஒரு வரன் வந்தது. முதல் மனைவியைப் பிரசவத்தில் இழந்தவர், ரயில்வேயில் வேலை. எஸ்தரின் வீட்டில், டேவிட்டின் அக்கா என்ன சொல்கிறாளோ அதன்படி செய்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் நம் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்று, "அண்ணி, உங்களுக்கு இஷ்டமில்லன்னா வேணாம்" என்றாள். எனக்கு இஷ்டமில்லைதான். அவள் போய்விட்டால் அவன் இருந்ததற்கு என்ன அடையாளம் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. உன் அப்பா உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "எங்கே?" என்றேன். "பட்டாபிராமுக்கு. பையனைப் பத்தி விசாரிக்க வேணாமா? அன்னிக்கு ஆமென் சொன்னவன் நான்தானே" என்றார். கல்யாணத்தன்று அவளுக்குத் தலையில் பூ வைத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனது நான்தான். பாஸ்டர் ஆசீர்வாத ஜெபத்தை முடித்தபோது எனக்கு வாய் வந்தது. சத்தமாகவே ஆமென் சொன்னேன், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. உனக்கு மாமா என்று மோதிரம் போட்டுவிட ஆள் இல்லையே என்று போன மாதம் உன் சித்தப்பா பேச்சை எடுத்தார். ஆள் இருக்கிறார். எஸ்தர் அத்தையின் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன், கோட் தைக்கக் கொடுத்திருக்கிறாராம்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சென்னீர்குப்பத்துக்குத் தனியாகப் போ. பழம் வாங்கிக்கொண்டு போகாதே, அவரால் சாப்பிட முடியாது, பார்த்தால் வருத்தமாக இருக்கும். பெண்ணைக் காபி போட அனுப்பிவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். கல்யாண வேலையைப் பற்றி நீயே பேசிக்கொண்டிருக்காதே. நீயாக அவருக்கு வியாதியின் பெயரைச் சொல்லவும் வேண்டாம், அது உன் வேலை இல்லை. "மாமா, என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். ஒன்றுமில்லை என்று அவர் சிரித்தாலும் எழுந்துவிடாதே, கொஞ்ச நேரம் இரு. அவர் பெண்ணைப் பற்றி ஏதாவது கேட்பார், தான் போன பிறகு நடக்க வேண்டியதைப் பற்றியும் கேட்பார். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லித் தப்பித்துவிடாதே. செய்ய முடியுமென்றால் செய்கிறேன் என்று சொல், முடியாததற்கு முடியாது என்று சொல். அவர் பேசி முடித்த பிறகு ஜெபம் பண்ணு. அதற்கு முன்னால் பண்ணாதே.

அம்மா